ஏரிக்கரை, முந்திரித்தோப்பு, களத்துமேடு

உளுந்து அடிச்சு மூட்டை கட்டியாச்சு. இனி மேட்டூர்ல தண்ணி திறக்கணும். அது கொள்ளிடத்துல ஓடியாந்து, கீழணையில திரும்பி, வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வந்து சேரணும். அப்புறம்தான் எங்க வாய்க்கால் நனையும். அதுவரைக்கும் வயல்ல பெரிய வேலை கிடையாது. இந்த இடைவெளியில மூணு புத்தகம் படிச்சு முடிச்சேன். நான் பன்னெண்டாவது படிச்சவன், விமர்சனம் எழுதுற அளவுக்குத் தெரியாது. ஒரு விவசாயி கண்ணுக்குப் பட்டதைச் சொல்றேன்.

முதல்ல கல்கியோட 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். 1950-லேருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில தொடரா வந்த கதை. உங்கள்ல பாதிப் பேர் படிச்சிருப்பீங்க. வந்தியத்தேவன் குதிரையில வர்ற முதல் காட்சியே எங்க வீராணம் ஏரிக்கரைதான். ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஏரி தளும்பி நிக்குது, ஜனங்க கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. படிக்கப் படிக்க ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா ஆடி பதினெட்டுல இப்படித் தண்ணி நின்னா நாத்து விட்டு எத்தனை நாள் ஆயிருக்கும்னு என் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிடுச்சு. கதை குதிரை மேல ஏறிக் கடம்பூர் மாளிகைக்குப் போயிடுது, நான் கரைக்குக் கீழ இருக்கிற வயல்லயே நின்னுட்டேன். இதே ஏரித்தண்ணிதான் 2004-லேருந்து குழாய்ல சென்னைக்கும் வருது. அங்க இருக்கிறவங்க புத்தகத்தோட சேர்த்து ஏரியையும் ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க.

ரெண்டாவது, தங்கர் பச்சான் எழுதின 'ஒன்பது ரூபாய் நோட்டு'. 1996-ல வந்த நாவல். 2007-ல அவரே சத்யராஜை வெச்சுப் படமாவும் எடுத்தார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மண்ணு. செல்வாக்கா வாழ்ந்த மாதவப் படையாட்சி, பிள்ளைகளோட மனஸ்தாபப்பட்டு, வயசான காலத்துல வீட்டை விட்டுக் கிளம்புறார். அந்தத் தோப்புங்களைப் படிக்கும்போது தானே புயல் ஞாபகம் வந்துச்சு. 2011 டிசம்பர் 30 அன்னைக்கு அடிச்ச அடியில முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்த கோலம் இன்னும் கண்ணுல நிக்குது. மரம் போனா இன்னொண்ணு நடலாம், காய்க்கிறதுக்குள்ள நட்டவனுக்கு வயசாயிடும். எங்க வீட்டுலயும் நிலத்தை மகன் பேருக்கு மாத்திடலாமான்னு ஒரு பேச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு. புத்தகத்தை மூடிட்டு, "நான் உழுற வரைக்கும் என் பேர்லயே இருக்கட்டும்"னு சொல்லிட்டேன். மகன் நல்லவன்தான், சிரிச்சுட்டு விட்டுட்டான்.

மூணாவது புத்தகம்தான் என்னை உலுக்கிடுச்சு. இமையத்தோட 'கோவேறு கழுதைகள்', 1994-ல வந்தது. 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் வருஷ சாகித்ய அகாதமி விருது வாங்கினவர் இவர்தான். காலனி ஜனங்களுக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தோட கதை. துணி வெளுக்கணும், பிரசவம் பாக்கணும், சாவுக்கு ஓடணும், களத்துல பொலி தூத்தணும். கூலின்னு கையில காசு கிடையாது. ராத்திரி வீடு வீடாப் போய்ச் சோறு எடுக்கணும், அறுவடையில தானியம் கேட்டு வாங்கணும்.

நெல்லு களத்துக்கு வந்தா யார் யார் வந்து நிப்பாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். வெளுக்கிறவங்க, முடி வெட்டுறவர், கலப்பை செய்யிற ஆசாரி, வாய்க்கால் பாக்குறவர். நெல்லுக்காரன் பக்கத்துலேருந்தே இத்தனை வருஷமாப் பாத்த களத்தை, முறத்தோட காத்து நிக்கிறவங்க பக்கத்துலேருந்து அந்தப் புத்தகம் காட்டுச்சு.

இப்ப களமே இல்லை. பெல்ட் மிஷின் வயல்ல இறங்குது, நெல்லு அப்படியே டிராக்டர்ல கொட்டி நேரா கொள்முதல் நிலையத்துக்குப் போயிடுது. கையேந்தி நிக்கிற அவமானம் ஒழிஞ்சது நல்லதுதான். அவங்க பிள்ளைங்க திருப்பூர், சென்னைன்னு தலை நிமிந்து போயிட்டாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா அவமானத்தோட சேர்ந்து அவங்க பங்கும் போயிடுச்சே! போன தை மாசம் எங்க ஊர்ல தனியா இருக்கிற ஒரு ஆயா, வரப்புல நின்னு மிஷினையே கொஞ்ச நேரம் பாத்துட்டுப் பேசாம போயிட்டாங்க.

"வர்ற அறுப்புல அந்த ஆயாவுக்கு ஒரு மூட்டை எடுத்து வெச்சிடலாமா?"ன்னு வீட்டுல கேட்டேன். அவங்க கதையெல்லாம் படிக்கிறதில்லை. யோசிச்சுட்டு, "சும்மா குடுத்தா பழையபடி வாசல்லதான் வந்து நிக்கணும். விதைநெல்லு காய வெக்க, காவலுக்கு உக்கார நமக்கும் ஆள் வேணும். அதுக்குக் கூலியாக் குடுங்க"ன்னாங்க. ஆயா சம்மதிப்பாங்களான்னு இனிதான் போய்க் கேக்கணும்.

மூணுல ஒண்ணுதான் படிக்க நேரம் இருக்குன்னா, ஆரோக்கியத்தோட கதையைப் படிங்க.