ரம்பம் பாடுகிறது!

மரம் அறுக்கும் ரம்பம் இசைமேடை ஏறுமா? ஏறியது, தோழர்களே! 1998-இல் அமெரிக்காவின் 'நியூட்ரல் மில்க் ஓட்டல்' குழுவினர் வெளியிட்ட 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' இசைத்தட்டில், வில்லால் தேய்க்கப்படும் ரம்பம் விம்முகிறது. நாட்டுப்பாடலும் ராக் இசையும் எக்காளமும் உறவாடுகின்றன.

அதில் ஏசுவைப் போற்றும் பாட்டும் உண்டு. பகுத்தறிவாளனாகிய எனக்கு அதில் உடன்பாடில்லை. எனினும் இசைத்தட்டை நிறுத்தவில்லை. ஏன்?

பாடல்களை எழுதிய ஜெஃப் மாங்கத்தின் நெஞ்சை உலுக்கியது ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. யூதராய்ப் பிறந்ததே குற்றமென்று நாஜிகள் சிறைப்படுத்த, 1945-இல் பெர்கன்-பெல்சன் முகாமில் மடிந்த சிறுமி! வயது 15, என் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய வயது!

குருதியில் தூய்மை தேடிய கூட்டம் அவளைக் கொன்றது. இசையில் தூய்மை தேடாத இளைஞர்கள் அவளுக்காக அழுதனர். பிறப்பின் பெருமை பேசுவோரே, ரம்பத்தின் விம்மலைக் கேளுங்கள்!