லாரி கட்டாத படிகள்

ஒரகடம் சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலையிலிருந்த ஓர் இளைஞனுக்காக விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றை நடத்தினேன். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் லாரி மோதி, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவன். வழக்கில் ஜெயித்தோம். அதற்குப் பிறகு அவன் கேட்ட ஒரு கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை.

விபத்துத் தீர்ப்பாயத்தில் மொத்தமாக ஒரு தொகையைக் கேட்டுவிட முடியாது, இழப்பைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு ரசீது உண்டு, வருமான இழப்புக்குச் சம்பளச் சீட்டு உண்டு. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசைப்படுத்திய தலைப்புகளில் 'வாழ்வின் இன்பங்கள் இழப்பு' என்று ஒன்று வரும். அதற்கு மட்டும் ரசீது கிடையாது, சாட்சிக் கூண்டில் சொல்ல வைக்க வேண்டும். "ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். பழைய சாமான்களைத் தேடிப் போய்ப் பார்ப்பேன் என்றான். பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ 1880களில் தோண்டியெடுத்த சுடுமண் ஈமப்பேழையைப் பற்றி எங்கோ படித்திருக்கிறான். இறந்தவரின் எலும்பை இட்டுப் புதைக்கும் பெட்டி, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் பெருங்கற்காலப் புதைகுழிகளுக்குக் குறைவில்லை, அப்படியொரு பெட்டியை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. இனி அதெல்லாம் அவனால் ஆகாது என்று நான் உருக்கமாக வாதிட்டேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்தத் தலைப்பிலும் ஒரு தொகை வந்தது.

2019இல் அவன் சக்கர நாற்காலியோடு கிளம்பி, அத்தகைய பெட்டி இருக்கும் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனான். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. வாசலில் மூன்று படி. காவலாளி நல்ல மனிதர், இன்னொருவரையும் கூப்பிட்டு "தூக்கிட்டுப் போறோம் தம்பி" என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் தூக்கித் தூக்கிக் கிடத்தப்பட்டவனுக்கு அது வேண்டாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. திரும்பி நேராக என் அலுவலகத்துக்கு வந்தான். "நான் பார்க்க முடியாதுன்னு சொல்லிக் காசு வாங்கினோம். லாரி என் காலைத்தானே சார் எடுத்துச்சு? அந்தப் படியையும் லாரியா கட்டுச்சு?"

நான் படித்த சட்டம் இழப்பை உடம்பில் மட்டுமே தேடப் பழக்கியிருந்தது. வாசற்படியைப் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சாய்தளம் பற்றிப் பேசும் பிரிவு உண்டு. ஆனால் அரசின் பொருளாதார வல்லமையின் வரம்புக்குள் என்று ஒரு வாலும் அதோடு உண்டு, எந்தக் கடமையையும் அந்த வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடலாம். 2001இல் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது குதுப்மினார் உள்ளிட்ட சில சின்னங்களில் அவசர அவசரமாக மரச் சாய்தளம் போட்டார்கள். வல்லமை இருந்திருக்கிறது, விருந்தாளிதான் பெரியவராக இருக்க வேண்டியிருந்தது.

2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாலை நறுக்கியது. பழைய பொதுக் கட்டடங்களையும், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுக்குள் எல்லோரும் நுழையத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்ல ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்றுகூட அதன் 29ஆம் பிரிவு சொல்கிறது (அதன் வாசலில் படி வைக்காமலிருக்க வேண்டும்). இந்தத் தெம்பில் மாநில ஆணையரிடம் புகார் கொடுத்தோம். ஆணையர் உரிமையியல் நீதிமன்றம்போல ஆளை வரவழைத்து விசாரிக்கலாம், ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரைதான். அதை ஏற்காத அலுவலகம் மூன்று மாதத்துக்குள் காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

எதிர்த்தரப்பின் பதில் சாமர்த்தியமானது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022 ஜூன் வரை இருக்கிறது, நாங்கள் இன்னும் தவறவே இல்லையே என்றார்கள். சட்டப்படி சரி. எங்கள் கட்சிக்காரன் அதுவரை வாசலில் காத்திருக்கலாம் என்று மட்டும் எழுதவில்லை. ஆனாலும் ஆணையர் பரிந்துரைத்தார், அவர்களும் ஒரு பலகையைப் போட்டார்கள். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்வு வேண்டும் என்பது கணக்கு. ஒன்றரை அடிப் படிகளுக்குப் பதினெட்டு அடி. வந்ததோ ஐந்தடிப் பலகை. அளவைச் சுட்டிக்காட்டினேன். விதிகள் காட்டும் வழிகாட்டு நெறிகளில் பாதி 'இருப்பது நல்லது' என்ற தொனியில் எழுதப்பட்டவை, எதைக் கட்டாயமாகச் செய்ய வேண்டும் என்று காட்டுங்கள் என்றார்கள். புரட்டிப் பார்த்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஓட்டையைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தொட்டது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017இலேயே அதில் விரிவான உத்தரவுகள் வந்தும் வேலை நடக்கவில்லை. நிலைமையை ஆராய்ந்து சொல்லும்படி ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம் நீதிமன்றம் கேட்டிருந்தது. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை விதி 15(1) வெறும் ஆலோசனையாகக் கரைத்துவிட்டது, ஆகவே அது சட்டத்துக்கு முரணானது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கட்டாயமானவற்றை மூன்று மாதத்துக்குள் தனியாகப் பிரித்து விதியாக்க வேண்டும் என்றும், பிறகு மீறுவோருக்குக் கட்டட நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பதும் அபராதம் விதிப்பதும் நடக்க வேண்டும் என்றும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு சொல் 'வேண்டும்' என்று முடிகிறதா 'நல்லது' என்று முடிகிறதா என்பதைத் தீர்க்க அந்த வழக்குக்குப் பத்தொன்பது ஆண்டு பிடித்திருக்கிறது.

தீர்ப்பைப் படித்த அன்றே அவனுக்குப் போன் செய்தேன். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அந்தப் பலகை போட்ட மாதமே தம்பியைப் பின்னால் பிடிக்கச் சொல்லி உள்ளே போய்விட்டு வந்ததாக அப்போதுதான் சொன்னான். பெட்டியை மேடை கட்டி உயரத்தில் வைத்திருந்தார்களாம், நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை.

"காலுங்க மட்டும் நல்லாத் தெரிஞ்சுது சார்" என்றான்.