பாதிரியிலிருந்து தில்லைக்கு

கடலூருக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சிதம்பரத்துக்கு வருபவர்கள் நடராஜரைத் தரிசித்த கையோடு பஸ் ஏறுகிறார்கள். நடுவில் சுமார் 45 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை ஒரு நாள் முழுக்க, மரங்களைப் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தச் சித்திரையில் அது கைகூடியது.

காலையில் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் பாதிரி. சங்கப் புலவர்களுக்கு வேனில் வந்துவிட்டது என்று சொல்லப் பாதிரிப் பூ போதும். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் மிதந்து வந்து கரையேறியது இந்த ஊரில்தான் என்பது மரபு. பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாதிரியைத் தேடி நடந்தேன். வேம்பும் புங்கனும்தான் கண்ணில் பட்டன. சாலையோரம் நடும் பத்துக் கன்றுகளில் ஒன்றாவது பாதிரியாக இருக்கக் கூடாதா? இந்த ஊருக்கு அந்த மரத்தைவிடப் பெரிய உறவு வேறு எது?

அடுத்து, கடலூரின் கடலோரத்தில் உள்ள தேவனாம்பட்டினம். அங்குள்ள கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேரம். அப்படிச் சேர்ந்தவை குண்டு கிராமங்கள். குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள்? 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது இந்தச் செயின்ட் டேவிட் கோட்டையே தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று கெடிலத்தின் முகத்துவாரத்தருகே மிச்சம் மீதிதான். கோட்டைக்கு வெளியே, மஞ்சக்குப்பத்தில் கவர்னர்களுக்கு இருந்த தோட்ட வீடு பிற்பாடு கலெக்டர் பங்களாவானது.

முட்லூரைத் தாண்டி, வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போனேன். சிதம்பரம் கோயிலுக்கு முன்பே இந்தக் காட்டைப் பார்த்தாக வேண்டும். சிதம்பரத்தின் தலமரமான தில்லை இப்போது ஊருக்குள் இல்லை. இங்கேதான் காடாக நிற்கிறது. துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுரபுன்னை, வளைந்த வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு. தண்ணீர் எட்டாத மேட்டுப் பக்கத்தில் தில்லை. உதிரப்போகும் இலைகள் சிவந்திருந்தன. கிளையை நோக்கிக் கை நீட்டினேன்.

“அதத் தொடாதீங்கண்ணே. பாலு கண்ணுல பட்டா பார்வையே போயிடும்” என்றார் படகோட்டி.

சுனாமி வந்த அன்று இந்தக் காடு என்ன செய்தது என்றும் அவரே சொன்னார். 2004 டிசம்பரில் தேவனாம்பட்டினம் பட்ட அடி கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. இங்கே காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவருக்கு ஆய்வு தேவைப்படவில்லை. மரங்களைக் காட்டி, “இதுங்கதான் நின்னுச்சு” என்றார்.

மாலையில் நடை திறந்ததும் சிதம்பரம் கோயிலுக்குள் போனேன். நான்கு கோபுரங்களையும் கரணச் சிற்பங்களையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நினைத்துக்கொண்டு போனது நரலோகவீரனை. முதல் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் தளபதியாக இருந்தவன். அவன் செய்த திருப்பணிகளை இங்குள்ள கல்வெட்டுப் பாட்டுகள் அடுக்குகின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கூத்தப்பெருமான் மாசிக் கடலாட்டுக்கு எழுந்தருளுவதற்காக அவன் கடற்கரையில் மண்டபம் எழுப்பி, அங்கே போக வழியும் அமைத்தது. கோயில் கடலை மறக்கவில்லை. நந்தவனங்களுக்கு விட்ட நிலங்களும், அவற்றைப் பராமரித்த திருநந்தவனக் குடிகளுக்கான ஏற்பாடுகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகின்றன. பூப்பறித்துத் தொடுத்தவர்களின் சாப்பாட்டைக் கல்லில் எழுதி வைத்த அக்கறை, எனக்குப் பொற்கூரையைவிடப் பெரிதாகப் பட்டது.

போகிறவர்கள் மாசி மகத்தை ஒட்டிப் போகலாம். அன்று தேவனாம்பட்டினக் கரைக்கு ஊர் ஊராகச் சாமிகள் வரும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்; அங்குள்ள தர்காவில் இஸ்லாமியர்கள் அவருக்கு மரியாதை செய்து வரவேற்பார்கள். அடுத்த மாசிக்கு நான் கிள்ளையில்தான் இருப்பேன்.