அம்மாயிக்குப் பிடித்த ராணி

2022 அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் பார்த்துவிட்டு ஐந்து ரோட்டிலிருந்து இரண்டு ஆட்டோ பிடித்து சூரமங்கலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டில் மொத்தம் எட்டுப் பேர். இட்லிக்கு மாவு ஊற்றுவதற்குள் கூடத்தில் சண்டை ஆரம்பித்துவிட்டது. சோழர் குடும்பத்தில் யாரை யாருக்குப் பிடிக்கும் என்பதுதான் சண்டை.

என் கணவருக்கு ராஜேந்திர சோழன். படத்திலேயே வராத ஆள்! “கங்கை வரைக்கும் போனவன், கடல் தாண்டி கடாரம் போனவன். அவனுக்கு மேல யாரு?” என்றார். தம்பிக்கு ஆதித்த கரிகாலன். பாதியில் வாழ்க்கை முடிந்துபோனவர்கள் மேல் நமக்கெல்லாம் ஒரு தனிப் பாசம் உண்டு. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டில் அவனைக் கொன்றவர்களின் பெயரே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி மூச்சு வாங்கினான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருண்மொழி. அதற்குக் காரணம் வேண்டுமா என்ன!

என் மகள் பிசியோதெரபி படித்தவள். அவளுக்குக் குந்தவை. திரிஷாவுக்காக மட்டும் இல்லை. “தஞ்சாவூர்ல தன் அப்பா பேருல ஆதுலசாலை வெச்சவங்கம்மா அவங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரி!” என்றாள். திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, விஷ்ணுவுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில் கட்டியவர் குந்தவை என்றும் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு, அக்கா கொடுத்ததைத்தான் சொல்கிறான். மனைவிமார் கொடுத்தது அதற்குப் பிறகுதான் வருகிறது. உடனே தம்பி மனைவி, “இதை மட்டும் உங்க தம்பிகிட்டச் சொல்லிடாதீங்க அண்ணி” என்றாள். வீடே சிரித்தது.

அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். “அம்மாயி, உனக்கு யாரு?” என்று என் மகள் விடாமல் கேட்டாள்.

“எனக்கு அந்தப் பெரியம்மாவைத்தான் புடிக்கும் கண்ணு. செம்பியன் மாதேவி.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். படத்தில் கொஞ்ச நேரமே வந்துபோன அந்த வயதான அம்மாவையா? அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

அம்மாவுக்குக் கல்கியின் கதை புதிதல்ல. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை, பிறகும் ‘கல்கி’யில் மறுபடி மறுபடி வந்தது. அப்படி ஒருமுறை வந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காடாத் துணி அட்டை போட்டுத் தைத்து வைத்தவள் அம்மா. அந்தப் புத்தகத்துக்கு எங்கள் வீட்டில் ராமாயணத்துக்கு உள்ள மரியாதை உண்டு. அதை அத்தனை தடவை படித்தவள் வந்தியத்தேவனையோ குந்தவையையோ சொல்லாமல் இவரைச் சொன்னது எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ரயில்வேயில் இருந்தார். 1978-ல் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது 29 வயது. எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஆறு. கருணை அடிப்படையில் ரயில்வேயில் பியூன் வேலை கிடைத்தது. ஃபைல் தூக்கி, டீ வாங்கிக் கொடுத்து, 2009-ல் ஓய்வு பெற்றாள். இடையில் எங்களைப் படிக்க வைத்தாள். சூரமங்கலத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கி, லோன் போட்டு தார்சு வீடாக மாற்றினாள்.

வருஷா வருஷம் ரயில்வே பாஸில் எங்களை எங்காவது கூட்டிப்போவாள். மதுரைக்குப் போனால், ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் மங்கம்மா சத்திரத்தைக் காட்டி, “ராணி மங்கம்மா கட்டினது” என்பாள். கணவன் சொக்கநாத நாயக்கர் போய், மகனும் போய், கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் 1706 வரை நாட்டை நடத்தியவர், சாலை போட்டு மரம் நட்டவர் என்று சொல்வாள். சிவகங்கைக்குப் போனால் வேலு நாச்சியார் கதை. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகளோடு விருப்பாச்சிக்குப் போய் எட்டு வருஷம் காத்திருந்து, 1780-ல் நாட்டைத் திரும்பப் பிடித்த கதை. எங்களுக்கு அதெல்லாம் ரயில் பயணத்தில் கேட்கிற கதைகள். அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு நேராக ரயில் விட்ட பிறகு, 2024 பொங்கல் லீவில் அம்மாவைக் கேட்டேன். “உன் பெரியம்மா கட்டின கோயிலைப் பார்த்துட்டு வரலாமா?”

நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ரயில் போய்க்கொண்டிருந்தது. நானும் மகளும் போனில் படித்ததை எல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். செம்பியன் மாதேவியின் கணவர் கண்டராதித்த சோழர் இறந்தது சுமார் 957-ல். மகன் உத்தம சோழன் அப்போது சிறுவன். அதற்குப் பிறகு அந்த அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். கணவருக்குப் பின் அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தமன், ராஜராஜன் என்று நான்கு ராஜாக்களைப் பார்த்துவிட்டார். செங்கல்லாக இருந்த பழைய சிவன் கோயில்களை ஒவ்வொன்றாகக் கல்லில் எடுத்துக் கட்டினார். ஆடுதுறை, விருத்தாசலம், திருக்கோடிக்காவல் என்று பட்டியல் நீளும். திருக்கோடிக்காவலில் பழைய கோயிலில் கிடந்த கல்வெட்டுகளைக்கூட வீணாக்காமல், புதுச் சுவரில் படி எடுத்து வெட்ட வைத்திருக்கிறார்.

அதே அரண்மனையில் இன்னொரு கதையும் உண்டு. சுந்தர சோழன் இறந்தபோது அவர் மனைவி வானவன் மாதேவி, சின்னக் குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறினார். திருக்கோவலூர்க் கல்வெட்டு இதை ஒரு பெருமையாகவே சொல்கிறது. அவர்தான் குந்தவைக்கும் ராஜராஜனுக்கும் அம்மா. பின்னாளில் குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலில் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்தார்.

மகள் இதைப் படித்ததும் பெட்டியில் எங்கள் வரிசை அமைதியாகிவிட்டது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“போறது ஒரு நாள் கஷ்டம் கண்ணு. இருந்து செய்யறது தினம் தினம் கஷ்டம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்கம்மா, வேலு நாச்சியார், செம்பியன் மாதேவி. அம்மாவுக்குப் பிடித்த ராணிகள் எல்லோருமே கணவனை இழந்த பிறகு எழுந்து நின்றவர்கள். நாற்பத்தைந்து வருஷமாக அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது ராணி கதை இல்லை. அது எனக்கு 54 வயதில்தான் புரிந்தது.

மறுநாள் காலை கும்பகோணத்திலிருந்து கோனேரிராஜபுரம் போனோம். பழைய பெயர் திருநல்லம். அங்கே உள்ள பெரிய நடராஜரைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நாங்களும் கும்பிட்டுவிட்டு, கருவறையின் தெற்குச் சுவர்ப் பக்கம் போனோம். அங்கே ஒரு சிறிய சிற்பம். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வணங்குகிற காட்சி. மகன் உத்தம சோழன் ஆட்சியில், கணவர் பெயரால் இந்தக் கோயிலைக் கல்லில் எடுத்து, அவர் சாமி கும்பிடுகிற உருவத்தையும் வைத்தவர் செம்பியன் மாதேவி என்று கீழே கல்வெட்டு சொல்கிறது. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபட்டன் என்பவரின் பெயரும் அங்கேயே இருக்கிறது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “வீட்டுக்காரர் பேரையும் விடல, தன் பேரையும் மறைக்கல, வேலை செஞ்ச கொத்தனாரையும் மறக்கல பாரு” என்றாள். பிறகு கைகூப்பினாள். சாமிக்கா, அந்த அம்மாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு நல்ல பயணக் கதை. ஆனால், அதே வருஷம் ஆவணியில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

முதல் நாள் இரவு, “தட்டை அம்மாயி கையால மாத்தணும்” என்றாள் மகள். நான் தயங்கினேன். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ, மண்டபத்தில் யார் என்ன பேசுவார்களோ என்று இழுத்தேன். அவள் என்னையே பார்த்தாள். “அந்தக் கோயில்ல சுவர் முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டியேம்மா. அது எதுக்கு?”

பதில் இல்லை. 1993-ல் என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் அம்மா சம்பாதித்தது. தாலி கட்டுகிற நேரத்தில் அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். யாரும் அவளை அங்கே போகச் சொல்லவில்லை, அவளாகவே போய்விட்டாள் என்று இத்தனை வருஷமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால், வா என்று நான் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அதுதான் நிஜம்.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். “வேண்டாம், நல்ல காரியம் நடக்கிற இடம்” என்றாள். “உன் செம்பியன் மாதேவி இப்படி ஒதுங்கி நின்னாங்களா?” என்றேன். அம்மா சிரித்தாள். “அவங்க ராணி. அவங்களை யாரு என்ன சொல்ல முடியும்?”

அதுவும் உண்மைதான். அந்த அம்மாவிடம் கஜானா இருந்தது, என் அம்மாவிடம் மாசச் சம்பளக் கவர்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ சாதாரணப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எந்தக் கோயில் சுவரும் நமக்குச் சொல்லாது. ராஜ குடும்பத்தை ரசிக்கிற நாம் இதை மறந்துவிடக் கூடாது. ஆனால், அந்தக் கவரை வைத்துக்கொண்டும் அம்மா இருந்து செய்தாளே! ராணிக்குக் கைகூப்பிவிட்டு இவளைச் சமையல்கட்டில் நிறுத்தினால், அந்தக் கும்பிடுக்கு என்ன அர்த்தம்?

ராத்திரி பத்து மணிக்குச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். குரல் நடுங்கியது. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எங்க அத்தையும் பதினெட்டு வருஷமா எந்த விசேஷத்துலயும் முன்னாடி வர்றதில்லைங்க. எங்க பக்கம் அவங்களை வரச் சொல்லட்டுங்களா?” என்றார்.

மறுநாள் இரண்டு பாட்டிகளும் எதிரெதிரே நின்று தட்டு மாற்றினார்கள். அம்மாவின் கை கொஞ்சம் ஆடியது. தேங்காய் உருளாமல் என் மகள் பிடித்துக்கொண்டாள். எங்கள் உறவில் மூத்த அம்மா ஒருவர் தாம்பூலம் வாங்காமலே கிளம்பிப் போனார். இன்றுவரை எங்களோடு பேச்சில்லை. வருத்தம்தான். ஆனால், முன்னால் பட்ட வருத்தத்தைவிட இது சிறியது.

நாகப்பட்டினம் பக்கம் செம்பியன் மாதேவி என்றே ஒரு ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில், அந்த அம்மாவின் பிறந்த நட்சத்திரமான கேட்டை நாளில் சிறப்பாகப் பூசையும் உணவும் நடக்க, உத்தம சோழனின் மனைவிமார் தானம் கொடுத்த கல்வெட்டு உண்டு. மாமியாருக்கு மருமகள்கள் செய்த பிறந்த நாள் ஏற்பாடு!

இதைக் கேட்டதிலிருந்து என் தம்பி மனைவி விடவில்லை. அம்மாவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆடி மாசம், ரோகிணி என்று மட்டும் தெரியும். போன வருஷம் ஆடி ரோகிணியன்று அவளே பாயசம் வைத்து எல்லோரையும் கூப்பிட்டாள். “எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?” என்றபடி அம்மா இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தாள்.