கள்ளிக்குப் பழகிய வெயில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்கள் சப்பாத்திக்கள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பழத்தைத் தின்று நாக்குச் சிவக்கத் திரிந்தவர்கள்தானே நாமெல்லாம்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. கத்திரி வெயிலில் மணல் கொதிக்கும்போதும் பச்சையாகவே நிற்கிறது.

காரணம் இதுதான். செடிகள் நுண்துளைகளைத் திறந்துதான் கரியமில வாயுவை உள்ளே இழுக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். பெரும்பாலான செடிகள் பகலில் திறக்கின்றன. கள்ளியோ பகலில் கதவைச் சாத்திவிடுகிறது. இரவில் திறந்து, வாயுவைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமிக்கிறது. விடிந்தபின் அந்தச் சேமிப்பை வைத்துச் சமையல் செய்கிறது.

இதற்கான ஆரம்பகாலத் தடயம் ஒன்று நம் நாட்டில்தான் கிடைத்தது. சென்னையில் கும்பினி உத்தியோகத்தில் இருந்த தாவர ஆய்வாளர் பெஞ்சமின் ஹைனே, ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்தார். நாம் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்போமே, அதே செடி. காலையில் புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. 1815-ல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் இது அச்சானது. எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலும் ரணகள்ளி உண்டு. காலை ஆறு மணிக்கு நுனியைக் கடித்துத் துப்பினேன். புளிச்சக்கீரை தோற்றது!

அன்னாசியும் இந்தச் சாதிதான். 2015-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். இரவு வேலைக்கென்று புது மரபணுக்கள் முளைத்துவிடவில்லை. மற்றச் செடிகளிலும் உள்ளவைதான். அவை வேலை பார்க்கும் நேரம் மாறியிருக்கிறது. பகல் ஷிப்ட் இரவு ஷிப்ட் ஆன மாதிரி. ஆனால் இப்படி மாறுவதற்குத் தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன சித்திரையில் திருக்கழுக்குன்றம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் என் மச்சான் உச்சிவேளையில் மயங்கி விழுந்தார். வயது 74. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். உடம்பு இன்னும் பழையபடி ஆகவில்லை. பார்க்கப் போனபோது, "அறுபது வருஷமா வெயில்ல நின்ன உடம்பு மாப்பிள்ளை, பழகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

பழக்கம் வேறு, மரபணு வேறு. வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது. தாகமும் சரியாகத் தெரிவதில்லை. இளவயதில் தாங்கிய வெயிலை இப்போது தாங்க முடியாது. கள்ளியின் உடம்பு நமக்கு வராது. ஆனால் அது செய்கிற நேரமாற்றத்தை நாளைக் காலையிலேயே நாம் செய்யலாம்.

மச்சான் இப்போது விடியற்காலையில் கொல்லைக்குப் போய், எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுகிறார். நண்பர்களே, நீங்களும் பென்ஷன் வேலையோ பேங்க் வேலையோ காலையிலேயே முடித்துவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு, தாகம் எடுக்காவிட்டாலும் மோர் குடியுங்கள்.