நாற்பதுக்கு மேல் ஒரு விளையாட்டு

குழந்தைப் பருவத்துக்கு விளையாட்டும், வாலிபத்துக்குக் கல்வியும், நடுவயதுக்குக் குடும்பக் கவலையும் உரியவை என்று பெரியோர் வகுத்து வைத்துள்ளனர். இவ்வொழுங்கை மீறுபவனை உலகம் இலேசில் விடுவதில்லை. நாற்பத்து மூன்றாம் வயதிலே பிளாஸ்ரிக் கற்களை அடுக்கி வீடு கட்டி விளையாடத் தொடங்கிய நாம் இவ்வுண்மையை அநுபவத்தால் அறிந்தோம்.

2023 ஆம் ஆண்டிலே ஓர் அலுவலாகக் கொழும்பு சென்றிருந்தபோது, புறக்கோட்டையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தோம். அலுமாரியிலிருந்த கற்பெட்டி ஒன்றைக் காட்டி விலை கேட்டோம். "பிள்ளைக்கு எத்தனை வயது, சேர்?" என்றார் கடைக்காரர். "எட்டு" என்றோம். எமது மகளுக்கு அப்பொழுது எட்டு வயது என்பது மெய்யே. ஆயினும், பெட்டி அவளுக்காக அன்று. வகுப்பறையில் வாய்மையின் பெருமையை நாள்தோறும் போதிக்கும் நாம், ஒரு பெட்டி விளையாட்டுக் கல்லுக்காகப் பாதிப் பொய் சொன்னோம்.

பெட்டியுடன் முள்ளியவளைக்கு வந்து சேர்ந்தோம். அதன் விலையைக் கேட்ட எமது மனைவியார் சற்று நேரம் பேசவில்லை. முந்திய ஆண்டிலேதான் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறி, வீடுகள்தோறும் அடுப்பைச் சுருக்கியிருந்தது. "இஞ்சருங்கோ, இந்தக் காசுக்கு நாலு மூட்டை சீமெந்து வாங்கியிருந்தால் உண்மையான மதிலே கட்டியிருக்கலாமே!" என்றார் அவர். அக்கூற்றிலே பிழை காண எம்மால் முடியவில்லை.

இவ்விளையாட்டுக் கல்லின் கதை சுவையானது. டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கேர்க் கிறிஸ்ரியான்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். 1924 ஆம் ஆண்டிலே அவருடைய பிள்ளைகள் மரச்சீவல்களில் தற்செயலாக மூட்டிய நெருப்பு, பட்டறையையும் வீட்டையும் எரித்துவிட்டது. அவர் மீண்டும் கட்டினார். உலகப் பொருளாதார மந்தம் வந்து தச்சுவேலை குறைந்த 1932 ஆம் ஆண்டில், மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1942 இல் தொழிற்சாலையும் எரிந்தது. அதையும் மீளக் கட்டினார். "நன்றாக விளையாடு" எனப் பொருள்படும் இரு தேனிய மொழிச் சொற்களைச் சுருக்கி அவர் தம் நிறுவனத்துக்கு இட்ட பெயரே லெகோ.

ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்ரிக் கல்லை முதலிற் கண்டவர் அவரல்லர். இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் அத்தகைய கல்லை முன்னரே செய்திருந்தார். அதைப் பார்த்து 1949 இல் லெகோவும் செய்தது. ஆனால் அக்காலக் கற்கள் உறுதியாகப் பிடிப்பதில்லை. கல்லின் உட்புறத்தே குழாய்களை அமைத்து, கீழ்க்கல்லின் குமிழ்களை அவை இறுகப் பற்றச் செய்த உபாயத்துக்கு, கிறிஸ்ரியான்சனின் மகன் கொட்பிறெட் 1958 சனவரி 28 ஆம் திகதி காப்புரிமை கோரினார். அந்த ஆண்டிற் செய்த கல் இன்று செய்யும் கல்லோடு இணையும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் முன்னோரோடு ஒத்துப்போகும் பொருள் உலகில் வேறு எத்தனை உண்டு?

கணித ஆசிரியராகிய எம்மை இக்கல் இன்னொரு வகையாலும் கவர்ந்தது. எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கற்கள் இரண்டை எத்தனை வகையாக இணைக்கலாம்? மேற்கல்லை அதே திசையில் வைத்தால் 21 நிலைகள், குறுக்காக வைத்தால் 25 நிலைகள், ஆக 46. அரைச்சுற்றுத் திருப்பியவுடன் ஒன்றாகிவிடும் சோடிகளை ஒருமுறை மாத்திரம் எண்ணினால் விடை 24. மூன்று கற்களாயின் 1,060. ஆறு கற்களை எடுத்துக்கொண்டால் 91 கோடியே 51 இலட்சத்துக்கு மேல் வகைகள் உண்டு என்று கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோறன் ஐலர்ஸ் கணினி கொண்டு காட்டினார். இக்கணக்கை உயர்தர வகுப்பிலே கொடுத்தபோது, வழமையாகப் பின்வாங்கில் உறங்கும் ஒரு மாணவன் எழுந்து 24 என்ற விடையைச் சொன்னான். அன்றே அப்பெட்டியின் விலையில் ஒரு பாதி எமக்குத் திரும்பிவிட்டது.

வளர்ந்தோர் இதில் ஈடுபடுவதும் புதுமையன்று. 2008 ஆம் ஆண்டிலே 5,922 துண்டுகளைக் கொண்ட தாஜ்மகால் பெட்டியொன்று வெளிவந்தது. 2020 முதல் "18 வயதுக்கு மேல்" என்று பொறித்த பெட்டிகளும் வருகின்றன. இதை எமது மனைவியாருக்குச் சான்றாக எடுத்துக் காட்டினோம். "பதினெட்டுக்கு மேல் என்றால் நாற்பத்து மூன்று என்று கருத்தில்லை" என்று அவர் விடையிறுத்தார்.

நிற்க. எமக்கு இவ்வாசை எவ்வாறு வந்தது என்பதை இனிச் சொல்லவேண்டும்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது ஊரிலே விளையாட்டுக்குக் குறைவிருக்கவில்லை. குரும்பையில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்தோம். பனங்காயில் தடி கோத்து வண்டி உருட்டினோம். மீன் ரின்னில் சில்லுப் பூட்டி லொறி ஓட்டினோம். கடைப் பொருள்கள்தாம் இல்லை. 1990 ஆம் ஆண்டின் பின் வன்னிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் பற்றறியும் சீமெந்தும் காண்பதற்கரிய பொருள்களாயின. எமது தந்தையார் கட்டிய வீட்டின் சுவர் வெடித்தபோது, அவர் களிமண்ணைக் குழைத்தே அதை அடைத்தார். நாம் அருகிருந்து மண் மிதித்தோம். கல்லின்மேல் கல் வைக்கும் ஆசை அப்போதே தொற்றியிருக்க வேண்டும்.

அவ்வீடு இன்று இல்லை. இறுதிப் போர்க் காலத்தில் அதைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு அம்மா எம்முடன் புறப்பட்டார். மீள்குடியேற்றத்தில் நாம் திரும்பியபோது கிணறும், அத்திவாரமும், ஒரு மூலைச் சுவரும் நின்றன. பின்னர் இந்திய உதவியுடனான ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டத்திலே, ஐந்தரை இலட்சம் ரூபா கொண்டு, எல்லோரையும் போல் நாமும் அளவான ஒரு வீட்டைக் கட்டினோம். அதில் நன்றியுடனேயே வாழ்கிறோம். ஆனால் பழைய வீட்டின் நிழற்படம் ஒன்றுகூட எம்மிடமில்லை. மகள் பிறந்தது பின்பு. "அப்பப்பா கட்டின வீடு எப்பிடி இருந்தது?" என்று அவள் கேட்டபோது தாளிலே கோடு கீறிக் காட்டினோம். அவளுக்கு விளங்கவில்லை. புறக்கோட்டைக் கடையிலே எம்மை நிறுத்தியது அந்தக் கேள்விதான்.

ஒரு குமிழுக்கு அரை அடி என்று அளவு வகுத்தோம். முப்பதடி நீளமும் இருபத்து நான்கடி அகலமுமான வீட்டுக்கு, அறுபது குமிழ் நீளமும் நாற்பத்தெட்டுக் குமிழ் அகலமும் வேண்டும். பத்தடிச் சுவருக்குப் பதினேழு வரிசை. மொத்தம் ஏறக்குறைய 1,400 கற்கள். வாங்கிய பெட்டியோ ஒரு விறாந்தைக்கும் போதாது.

மலிவான கற்களையும் வாங்கிப் பார்த்தோம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால் பலரும் செய்கின்றனர். சில நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் பெயரில்லாப் பொதியொன்றில் வந்தவை நாலாம் வரிசையிலே நெகிழ்ந்து சுவரையே சரித்துவிட்டன. இறுதியில் இலண்டனிலுள்ள மைத்துனர் கைகொடுத்தார். அங்கே பிள்ளைகள் வளர்ந்த வீட்டார் பழைய கற்களை நிறுத்து விற்பார்களாம். எட்டுக் குமிழ்க் கற்கள் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 430 நிற்கும். கப்பற் பொதியிலே உடுப்புகளோடு நான்கு கிலோ வந்து சேர்ந்தது. இனி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று மனைவியார் ஒரு தொகையை நிருணயித்தார். அதை நாம் இன்றுவரை மீறவில்லை.

வந்த கற்களை இளஞ்சூட்டு நீரிற் கழுவினோம். நாற்பது பாகைக்கு மேற்பட்ட சூடு ஆகாது. வெயிலில் உலர்த்தினால் வெள்ளைக்கல் மஞ்சளாகும் என்பதையும் ஒரு பிடி கற்களைப் பழுதாக்கியே கற்றோம். அயலிலுள்ள மேசன் அண்ணை ஒருநாள் வந்து சுவரை உற்றுப் பார்த்தார். "மூட்டுக்கு மேலை மூட்டு வரவிடேல்லை. நல்ல வேலை, சேர்" என்றார். எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நாம் அத்துணை மகிழ்ந்ததில்லை.

ஆறு மாதத்தில் வீடு எழுந்தது. உள்ளே தெரியட்டும் என்று கூரை போடாமல் விட்டோம். அம்மாவை அழைத்துவந்து காட்டினோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். "தம்பி, தெற்குச் சுவரிலை யன்னல் எங்கை?" என்றார். "அங்கே யன்னல் இல்லையே, அம்மா" என்றோம். "இருந்தது. மூண்டு வயசிலை நீ அதாலை வெளியிலை விழுந்தாய். அண்டைக்கே அப்பா அதை அடைச்சுப்போட்டார்" என்றார்.

இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில், எம்மைக் காப்பதற்காக அடைக்கப்பட்ட ஒரு யன்னல் இருந்ததை நாம் அறிந்திருக்கவில்லை. தந்தையார் அதைச் சொன்னதுமில்லை. அன்றிரவே தெற்குச் சுவரில் பன்னிரண்டு கற்களைக் கழற்றி, அந்த யன்னலைத் திறந்து வைத்தோம். அதன்பின் அம்மா நாள்தோறும் வந்திருந்து ஏதாவது சொல்வார். வைகாசிப் பொங்கலுக்குக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து வற்றாப்பளைக்குச் செல்லும் அடியார்களை எந்தத் திண்ணையிலிருந்து பார்த்தார், நெல் மூட்டை எந்த மூலையில் கிடந்தது என்பதெல்லாம் இவ்வாறே எமக்குத் தெரியவந்தன. மகளும் அருகிலிருந்து கேட்பாள்.

சென்ற தவணையில் மகளின் பாடசாலையிலே கண்காட்சி வந்தது. "அப்பா, நான் வட்டுவாகல் பாலம் கட்டப்போறன். வீட்டைக் கழட்டித் தாங்கோ" என்றாள். நாம் திகைத்துப் போனோம். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் பஸ்ஸிலே போகும்போது இருபுறமும் நீர் தெரியும் அழகிய பாலம் என்பதே அவள் அறிந்தது. 2009 மே மாதத்திலே அப்பாலத்தின் வழியாக நாம் எவ்வாறு வந்தோம் என்பதை அவளுக்கு நாம் இன்னும் சொல்லவில்லை. வீட்டைக் கழற்றி அந்தப் பாலத்தைக் கட்டுவதா? வேறு கல் வாங்கித் தருகிறோம் என்றோம். மாதத் தொகை முடிந்துவிட்டது என்று மனைவியார் நினைவூட்டினார்.

அம்மா கதிரையிலிருந்து எழுந்து வந்தார். "கழட்டிக் குடு, தம்பி" என்றார்.

"அம்மா, இதையும் இல்லாமற் செய்யவோ?" என்றோம்.

"இடிச்சது வேறை, பிள்ளை கழட்டிறது வேறை. எனக்கு யன்னல் எங்கையெண்டு தெரியும். இப்ப அவளுக்கும் தெரியும்" என்றார் அம்மா.

மூவருமாக இருந்து கழற்றினோம். தெற்குச் சுவரின் யன்னலை மகளே கழற்றினாள். முன்னதாக ஒவ்வொரு வரிசையையும் சதுரக் கோட்டுத்தாளிலே குறித்துக்கொண்டோம். அத்தாள்கள் எமது அலுமாரியில் இருக்கின்றன. பாலம் கண்காட்சிக்குச் சென்றது, பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வந்த அன்று மாலை, அப்பாலத்தைப் பற்றிய முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசாமல் பாலத்தின் கற்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இப்பொழுது மீண்டும் அத்திவாரம் இட்டிருக்கிறோம். இம்முறை மேசன் வேலை மகளுக்கு. மண் மிதித்த பழைய உத்தியோகம் எமக்கு. அடுத்த முறை கொழும்புக் கடைக்காரர் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டால், "ஒன்றுக்குப் பதினொன்று, மற்றதற்கு நாற்பத்தாறு" என்று உள்ளதை உள்ளபடியே சொல்வதெனத் தீர்மானித்திருக்கிறோம்.