எண்ணூறுக்கு எதுக்குங்க நூறு?

ஆர்.எஸ்.புரத்தில் வழி சொல்வது சுலபம். சொன்ன வழியில் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். தெருக்களெல்லாம் கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர்நேராக, அண்ணன் தம்பி ஜாடையில் இருக்கும். "பொன்னுரங்கம் ரோடுங்க" என்று ஒருவர் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டி விடாதீர்கள். கிழக்குப் பொன்னுரங்கமா, மேற்குப் பொன்னுரங்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் காது குத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். (சாம்பார் என்னவோ இரண்டு இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும்!)

ரத்தினசபாபதி புரம் என்ற முழுப் பெயரைச் சொன்னால் இப்போது ஆட்டோக்காரரே முழிக்கிறார். நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியார் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டார். திவான் பகதூர் ரோடும் டி.பி. ரோடாகிவிட்டது. எங்கள் ஊரில் எதையும் வீணாக்க மாட்டோம், எழுத்து உள்பட.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான் பெட்ரோலில் காசை வீணாக்கிய கதைதான் இது.

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 1994-ல் அப்பா வாங்கியது. வெள்ளை நிறம். அதாவது, வாங்கும்போது வெள்ளை. அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கண் மங்கியதிலிருந்து ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு இடது பக்க சீட்டுக்கு மாறிவிட்டார். ஆனால் வண்டியை ஓட்டுவது இன்னமும் அவர்தான்! "கியரை மாத்து கண்ணு... கிளச்சு மேல காலை வெக்காத... ஆரன் எதுக்கு, அவனென்ன செவிடா?"

மாதத்தின் முதல் புதன்கிழமை நாங்கள் இருவரும் மருதமலைக்குப் போவோம். கிருத்திகை, செவ்வாய்க்கிழமையெல்லாம் கூட்டம் நெரியும். அப்பாவுக்குக் கூட்டம் ஆகாது. லாலி ரோடு முக்கு, வேளாண்மைப் பல்கலைக்கழகம், வடவள்ளி என்று போகும் ரோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு மாதமும் அதே கதைதான். நானும் ஒவ்வொரு மாதமும் "அப்படீங்களா!" என்பேன்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை, மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டின மாதிரி, கிலுகிலுகிலு.

அப்பா கதையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கேட்டார். "வண்டிக்கு வயசாயிருச்சு கண்ணு. இருமுது பாரு. யாருக்காச்சும் குடுத்துப்போடு" என்றார். அப்புறம் வீடு வரும் வரை பேசவில்லை.

அவர் வண்டியைத்தான் சொன்னாரா என்று எனக்கு அன்று ராத்திரி பூராவும் சந்தேகம்.

மறுநாள் பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். பையன், "சாதாவா, பிரீமியமாங்ணா? நூறு ஆக்டேன் இருக்குதுங்" என்றான். நூறு! பரீட்சையில் நான் ஜென்மத்தில் பார்க்காத மார்க். லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் அதிகம். "போடு தம்பி" என்றேன். அப்பாவின் வண்டிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது?

அடுத்த புதன்கிழமை மலையேறினோம். சத்தம் குறைந்திருந்தது! நான் வெற்றிப் பெருமிதத்தோடு அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அமுங்கியிருக்குது. போகல" என்றார்.

நான் விடுவேனா? மூன்று மாதம் தொடர்ந்து நூறு மார்க் பெட்ரோல்தான். மாதம் பத்து லிட்டர் என்றால் வித்தியாசம் மட்டும் எவ்வளவு ஆகிறது என்று என் மனைவி கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்தத் தொகையை இங்கே எழுதினால் மறுபடி சண்டை வரும்.

கடைசியில் தடாகம் ரோட்டுப் பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் போனேன். அப்பா காலத்து ஆள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "என்னுங்ணா பெட்ரோல் போடறீங்?" என்றார். பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பட்டறைப் பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எண்ணூறு வண்டிக்கு எதுக்குங்ணா நூறு?"

அப்புறம் ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பாடம் நடத்தினார். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்து போகும். பிஸ்டன் மேலே வந்து அதை அமுக்கும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும். தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். சில சமயம் தீ வந்து சேர்வதற்குள், அமுக்கத்திலும் சூட்டிலும் மூலையில் இருக்கும் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். பந்தி போடுவதற்கு முன்பே ஓடிப் போய் உட்காருவார்களே, அந்த மாதிரி. அந்தத் தள்ளுமுள்ளுதான் கிலுகிலு. அதற்குப் பெயர் நாக்கிங்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை, பொறுமை. அமுக்கினாலும் அவசரப்படாமல் இருக்கும் குணத்துக்குப் போடும் மார்க். 1920-களில் அமெரிக்காவில் இந்த அளவுகோலைக் கண்டுபிடித்தார்கள். ஐசோ ஆக்டேனுக்கு நூறு, ஹெப்டேனுக்குப் பூஜ்யம். அதே காலத்தில், 1921-ல், ஈயத்தைக் கலந்தால் பெட்ரோலுக்குப் பொறுமை வரும் என்றும் கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். அந்த ஈயப் புகையை நம் நாட்டில் முழுசாக நிறுத்த 2000-ம் வருஷம் ஆயிற்று.

அமுக்கம் அதிகமான எஞ்சினுக்கும், டர்போ வைத்த வண்டிக்கும் இந்தப் பொறுமை தேவை. அப்பாவின் மாருதி அவ்வளவு அமுக்கும் ஜாதி இல்லை. சாதா பெட்ரோலின் பொறுமையே அதற்குத் தாராளம். இன்னும் சொல்லப்போனால், பி.எஸ்.-2 காலத்தில் 88 ஆக இருந்த சாதா பெட்ரோலின் ஆக்டேன் பிறகு 91 ஆகி, இருபது சதவிகிதம் எத்தனால் கலந்தபின் 95-ஐத் தொட்டுவிட்டது என்று மத்திய அரசே 2025-ல் சொல்லியிருக்கிறது.

"அப்ப சத்தம் குறைஞ்சுதே?" என்று விடாமல் கேட்டேன்.

"தலைவலிக்கு மாத்திரை போட்டா வலி தெரியாதுங். வந்த காரணம் போயிருமாங்?" என்று டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டினார். 'பிக்கப்' வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் டைமிங்கை முன்னே தள்ளி வைத்திருக்கிறார். பொறி முந்திக்கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு உள்ளே கரி வேறு. பொறுமைசாலிப் பெட்ரோல் அதையெல்லாம் சகித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இந்த ஊர்க்காரனான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. இதே மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று பந்தயக் காரே செய்தார் கோவைக்காரர் கரிவரதன். அந்த வண்டியில் ஓட்டிப் பழகிய நம்மூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கே போனார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றைக்கும் கரிவரதன் பேரில்தான் இருக்கிறது. நானோ, பெட்ரோல் மூடியைத் திறந்தால் பந்தயக்காரன் ஆகிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் நான் தனி ஆள் இல்லை. அமெரிக்க வாகன சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. சாதா பெட்ரோல் போதும் என்றிருக்கும் வண்டிகளுக்குப் பிரீமியம் போட்டு அந்த நாட்டுக்காரர்கள் ஒரு வருஷத்தில் 210 கோடி டாலரை வீணாக்கினார்களாம். படித்ததும் எனக்கு ஓர் ஆறுதல். மனைவிக்கு ஆறுதல் இல்லை.

உங்கள் வண்டிக்கு எது என்று குழப்பமா? பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்கள், அல்லது வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் ஆக்டேன் போதும். அதற்குக் குறையக் கூடாது. கூடினால் வண்டிக்குக் கெடுதல் இல்லை, பர்ஸுக்குத்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தக் காசில் இன்னொன்று செய்யலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் தாங்குகிறதா என்று பார்த்து மாற்றலாம். மெக்கானிக் எங்களுக்கு அதைத்தான் செய்தார். கரியைச் சுரண்டி, டைமிங்கைப் பின்னே இழுத்து, குழாய் மாற்றி, நான் எண்ணெய்க் கம்பெனிக்குத் தானம் செய்ததைவிடக் குறைவாகவே கூலி வாங்கினார்.

அன்று வீட்டுக்கு வந்தால் டைனிங் டேபிளில் அப்பாவின் சத்துமாவு டப்பா. வெளிநாட்டுச் சரக்கு. விலை அதிகம் என்பதாலேயே நான் வாங்கி வந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"மாமாவுக்கும் நூறு ஆக்டேனாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மாதத்தில் ஒரு புதன்கிழமை போக மற்ற நாளெல்லாம் அவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேனா? அந்தக் கணக்கைத்தான் டப்பாவிலும் டேங்க்கிலும் ஊற்றிச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மருதமலைப் பயணத்துக்குப் புதன்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே கிளம்பினோம். பங்க்கில் அதே பையன், "பிரீமியம்தானுங்ணா?" என்று ஓடி வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இடது பக்க ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"சாதா போடு சாமி. பழைய வண்டிக்குப் பழைய சோறு போதும்."

மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறினேன். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். கிலுகிலு இல்லை. சீரான உறுமல் மட்டும்.

"இப்பத்தான் மூச்சு ஒழுங்கா வருது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "குடுக்க வேண்டாங் கண்ணு. வெச்சுக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது வடவள்ளி தாண்டினதும் பழைய கதையை ஆரம்பித்தார். "அப்படீங்களா!" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.